பச்சை மூடி போட்ட பாட்டில்

சைமன் கடைசியாகச் செய்த வேலை, கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கில் புது வால்வு மாட்டியது. மாட்டி முடித்து, டீ குடித்துவிட்டு வந்து கைப்பிடியை அழுத்தினார். தண்ணீர் வேகமில்லாமல் வழிந்து நின்றது.

"ஏன் ரூத்து, புதுசு போட்டும் தள்ளவே மாட்டேங்குது பாரு. கடைக்காரன் டூப்ளிகேட்டத் தலைல கட்டிப்போட்டான்."

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"நம்ம ஊட்டுக் கக்கூசே நம்மளப் பாத்துச் சிரிக்குது அம்மணி. நாலு வார்த்த கேட்டு, வேற வாங்கிட்டு வாரேன்."

டேங்க் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

ரூத் சொல்லியிருக்கலாம். பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்களே, ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் கொஞ்சம் மிச்சமாகட்டும் என்று, பக்கத்து வீட்டு கனகம் காட்டிய வழியில், ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி, அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டேங்குக்குள் இறக்கியது அவள்தான். இறக்கியதும் தண்ணீர் இரண்டு விரல் உயர்ந்தது. சொன்னால் வாரக் கணக்கில் கேலி செய்வார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கருமத்தம்பட்டி பிரிவில் லாரி.

அவர் இறந்து முப்பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. அந்த டேங்க் மூடியைத் தொடவும் இல்லை.

"அக்கா, பிளம்பருக்குச் சொல்லிப்போட்டேன், ஆறு மணிக்கு வாராரு" என்றாள் தங்கை டீனா. "நாளைக்கு நாப்பதாம் நாள் ஜெபத்துக்கு நாப்பது பேரு வருவாங்க. பாஸ்டரைப் பக்கெட்டோட நிக்க வெக்கறதா?"

பிளம்பர் மூடியைத் திறப்பார். பாட்டிலைப் பார்ப்பார். ஏனுங்க, இதுனாலதானுங்க என்பார், டீனா காதில் விழும்படி.

ஐந்தரைக்கு ரூத் கக்கூசுக்குள் போய்த் தாழிட்டாள். சோப்பும் துருவும் கலந்த ஈர வாசம்; வென்டிலேட்டர் வழியே சாம்பல் வெளிச்சம்; தெரு முழுக்கத் தறிகள் தடக் தடக்கென்று ஓடிச் சுவரையே லேசாக அதிரவைத்துக்கொண்டிருந்தன. டேங்குக்குத் தண்ணீர் ஏறும் குழாயைத் திருகி அடைத்தாள். இனி ஒரு சொட்டும் உள்ளே வராது.

கரண்ட் போனது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்து, தெரு காதை அடைத்தாற்போல் அடங்கியது.

டொக்.

டேங்குக்குள்தான். மணல் பாட்டில் மிதக்காது. அசையாது.

டொக்.

மூடியைத் தூக்கினாள். தண்ணீர் பழைய துருக்கோட்டில் நின்றது. அடியில் பச்சை மூடி தெரிந்தது. கழுத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். யாரோ பிடியை விட்டதுபோல் சட்டென்று வந்தது.

பாட்டில் கையில் சொட்டியது. அவள் டேங்கைப் பார்த்தாள்.

தண்ணீர் இறங்கவில்லை.

பாட்டிலை எடுத்ததற்கு இரண்டு விரல் இறங்க வேண்டும். குழாயைத் தொட்டாள். இறுக்கமாகத்தான் அடைத்திருந்தது. உள்ளே வெறும் தண்ணீர். டேங்கின் அடித்தரை தெரிந்தது. பாட்டில் நின்ற வட்டம் தெரிந்தது.

அந்த வட்டத்திலிருந்து ஒரு குமிழி எழுந்து உடைந்தது. இடைவெளி. இன்னொன்று. மூச்சு விடுகிற இடைவெளி.

"அக்கா, பிளம்பர் வந்துட்டாருங்க!"

தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. சுவர் அதிர்ந்தது. தண்ணீர் அதிரவில்லை. துருக்கோட்டிலேயே நின்றது.