நாலு மணிக்கு மல்லாக்க

2004 ஆனி மாதத்தில் அம்மாவைத் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மாடியில் நீளமான அறை, ஆறு கட்டில்கள். இரண்டில்தான் ஆள் இருந்தது. பினாயில் வாசனைக்கு அடியில் இன்னொரு நாற்றம். அது பக்கத்துக் கட்டில் லட்சுமியம்மாளின் முதுகிலிருந்து வந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடணும். படுக்கைப் புண் வந்துட்டா ஆள் தேறாது" என்றார் டாக்டர்.

இரவில் நானே புரட்டினேன். பகலில் நாலு முதல் ஆறு வரைதான் எனக்கு அனுமதி. மற்ற நேரமெல்லாம் அது ஜெயம் சிஸ்டரின் கடமை.

அந்தக் கடமையை அவர் எப்படிச் செய்தார் என்று சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு வந்ததும் நின்றபடியே சார்ட்டில் முழு நாளையும் எழுதிவிடுவார். எட்டு, இடது. பத்து, மல்லாக்க. பன்னிரண்டு, வலது. இரண்டு, இடது. நாலு, மல்லாக்க. ஆறு, வலது. பேனாவுக்கு மட்டும்தான் அலுப்பு. பிறகு 'கருணையே மருந்து' என்ற பலகைக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகை படிப்பார். நாலு மணிக்கு நான் போகும்போது, காலையில் நான் விட்டுப்போன பக்கத்திலேயே அம்மா கிடப்பாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். பெரியவர்கள் முன்னால் எனக்குக் குரல் எழாது. எனக்கும் சேர்த்து லட்சுமியம்மாள்தான் பேசினாள். கோலியனூர்க்காரி, கரும்பு ஆட்டும் இயந்திரத்தில் வலக்கை மோதிரவிரலைக் கொடுத்தவள்.

"ஏ சிஸ்டரு, என்னெ வுடு. அந்தப் பொண்ணோட அம்மாவையாச்சும் புரட்டு."

"வாயை மூடிக்கினு படு கெழவி. புரட்டியாச்சுன்னு எழுதியிருக்கேன் பாரு."

"காயிதம் புரண்டா முதுவு புரண்டுடுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு லட்சுமியம்மாள் செத்துப்போனாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோதே உடலை வேனில் ஏற்றிவிட்டார்கள். சார்ட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆறு மணி வரை அவளைப் புரட்டியதாக அதில் இருந்தது.

அந்தக் கட்டில் மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தது. ஜெயம் சிஸ்டர் விரிப்பைத் திருப்பிப் போட்டு அதிலேயே படுத்துவிட்டார். அவ்வளவு துக்கம்.

நாலு மணிக்கு நான் மாடி ஏறினேன். அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். முதுகுக்கடியில் கைவிட்டுப் பார்த்தேன். ஈரமில்லை. பவுடர் ஒட்டியது.

"யாரும்மா புரட்டுனாங்க?"

"பக்கத்துக் கட்டில் அம்மாதான். கை மட்டும் ஜில்லுனு இருந்துச்சுடி."

நான் திரும்பினேன்.

ஜெயம் சிஸ்டரும் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"பாப்பா... தூக்கி வுடு. ரெண்டு மணிக்கு எடது பக்கமா தள்ளுச்சு. இப்ப மல்லாக்க... அமுக்கிக்கினே இருக்கு..."

கையைப் பிடித்து இழுத்தேன். நனைந்த சாக்கு மூட்டை போலக் கனத்தது. அந்தக் கட்டிலின் சார்ட்டைப் பார்த்தேன்.

"அடுத்தது ஆறு மணிக்குத்தான் சிஸ்டர்" என்றேன். அவரிடம் நான் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

ஆறு அடித்தது.

முதலில் அம்மாவின் கட்டில் கிரீச்சிட்டது. அம்மா மெதுவாக, தலை அலுங்காமல், வலது பக்கம் திரும்பினாள்.

பிறகு அடுத்த கட்டில்.

சிஸ்டரின் தோளில் வெள்ளைத் துணி குழிந்தது. ஒரு கட்டைவிரல். மூன்று விரல்கள். மோதிரவிரலின் இடம் மட்டும் குழியவில்லை.

அவர் வலது பக்கம் புரண்டார்.

சார்ட் அத்தோடு முடிந்தது. பிடி விட்டதும் சிஸ்டர் செருப்பைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினார்.

பயம் வந்தால் கருணை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஜெயம் சிஸ்டரைப் பார்த்ததில்லை. மறுநாள் வேலைக்கு வந்தார். அம்மாவை அன்றும் தொடவில்லை. சார்ட்டில் எழுதுவதைத்தான் நிறுத்தினார். படியோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். பத்து மணிக்கு அம்மா அசையவில்லை. பன்னிரண்டுக்கும் அசையவில்லை.

எழுதாத வேலைக்கு யாரும் வரவில்லை.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். இரண்டு, இடது. நாலு, மல்லாக்க. ஆறு, வலது.

"யாரைக் கேட்டு எழுதுற?" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் சிஸ்டர்.

இரண்டு மணிக்குக் கட்டில் கிரீச்சிட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் எழுதினேன். நாற்பது நாள் கழித்து, முதுகில் ஒரு கீறல்கூட இல்லாமல், அம்மாவை எங்கள் ஊரான பெருமுக்கல்லுக்கு அழைத்து வந்தோம். வீட்டில் சார்ட் கிடையாது. நானே புரட்டுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை குழாயடியில் நேரமாகிவிட்டது. குடத்தோடு ஓடி வந்தபோது மணி இரண்டே கால். அம்மா இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"இப்பதானே புரட்டிட்டுப் போன? மறுபடியும் ஏன்டி ஓடியாற?"

குடத்தை இறக்கிவிட்டு அவள் முதுகைப் பார்த்தேன். புதிதாகப் பூசிய பவுடரில் ஒரு வலது உள்ளங்கை பதிந்திருந்தது. விரல்களை எண்ணினேன்.

நாலு.