ஹாரனுக்கு விட்ட இடம்

நர்மதாவின் பாட்டு நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. அவளே வேண்டுமென்று விட்ட ஓட்டை.

அண்ணன் இளவழகனின் பழைய லேப்டாப்பில் 'ட்ராக்கர்' என்று ஒரு மென்பொருள் உண்டு. திரை முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் ஒலி வைக்கலாம். ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கும். அது தொடுகிற கட்டமெல்லாம் ஒலிக்கும். எவர்சில்வர் தட்டு, குக்கர் விசில், அம்மாவின் தும்மல் எல்லாவற்றையும் பதிவு செய்து நர்மதா பாட்டுக் கட்டியிருந்தாள். தும்மல்தான் பல்லவி.

நடுவில் பதினாறு கட்டங்கள் காலி. அவை அப்பாவின் லாரி ஹாரனுக்கு.

"ஹாரனையும் பதிவு பண்ணிப் போட்டா வேலை முடிஞ்சுது" என்றான் இளவழகன்.

"அது பழைய அப்பா. எனக்கு இப்ப வர்ற அப்பா வேணும்."

அப்பா லோடு ஏற்றிப் போய் இருபத்து மூன்று நாளாகிவிட்டது. திங்கட்கிழமை போனில் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்மூரு வழியாத்தான் வாரேன் சாமி. ஆனா இறங்க முடியாது. ஆப்பிள் லோடு. விடியறதுக்குள்ள கொச்சில நிக்கோணும். ஆரன் மட்டும் அடிச்சுட்டுப் போறேன்."

சங்ககிரி பைபாஸ் அவர்கள் வீட்டு மாடிக்கு நேர் பின்னால்தான். அப்பா ஒரு நீளம், இரண்டு குட்டை அடிப்பார். எத்தனை லாரி ஓடினாலும் அது அவருடையது மட்டும்தான்.

அவர் கடக்கும்போது மாடி ஸ்பீக்கரில் பாட்டு ஓட வேண்டும். ஹாரன் சரியாக அந்த ஓட்டைக்குள் வந்து உட்கார வேண்டும். ஆனால் கோடு யாருக்காகவும் நிற்காது. பதினாறு கட்டத்தையும் நாலே நொடியில் தாண்டிவிடும். நாலு நொடிக்குள் வந்துவிட்டுப் போக அப்பா என்ன கொசுவா?

மென்பொருள் செய்தவர்களின் இணையப் பக்கத்தில், புதிய வசதிகளைக் கேட்க ஓர் இடம் இருந்தது. நர்மதா சொல்லச் சொல்ல, இளவழகன் ஆங்கிலத்தில் எழுதினான்.

"ஒண்ணு, தும்மலுக்குத் தனி நிறம் வேணும். ரெண்டு, பாட்டு நடுவுல காத்திருக்கோணும்."

"எவ்வளவு நேரம்னு போட?"

"அப்பா வர்ற வரைக்கும்."

"சிரிப்பாங்க புள்ள."

"சிரிச்சுட்டுச் செஞ்சு குடுக்கட்டும்."

வியாழக்கிழமை பதில் வந்தது. 'அருமையான யோசனை. காத்திருக்கும் வசதியை அடுத்த பதிப்பில் தருகிறோம். ஆறு மாதம் ஆகலாம். தும்மல் நிறம் பற்றி எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது.'

ஆறு மாதம்! ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் நர்மதா மாடிக்கு ஓடினாள், இறங்கினாள், மறுபடி ஓடினாள்.

"ஒரு இடத்துல நிக்க மாட்டியா? சும்மா சுத்திட்டே இருக்கற!" என்றாள் அம்மா.

"சுத்தலீங்கம்மா. அப்பாவுக்காகக் காத்திருக்கறேன்."

சொன்னவள் பாதிப் படியில் அப்படியே நின்றாள். காத்திருக்கிற அவளே ஓரிடத்தில் நிற்கவா செய்கிறாள்? பாட்டு மட்டும் எதற்கு நிற்க வேண்டும்? அதுவும் சுற்றட்டுமே!

ட்ராக்கரில் 'திரும்பத் திரும்ப' என்று ஒரு பொத்தான் முன்பிருந்தே உண்டு. காலிக் கட்டங்களைத் தனிப் பக்கமாக வெட்டி வைத்து அதை அமுக்கினாள். கோடு சத்தமில்லாமல் இறங்கியது, மேலே போனது, மறுபடி இறங்கியது. இன்னொரு முறை அமுக்கியதும் பாட்டு தொடர்ந்தது.

ஞாயிறு மாலை நாலு மணிக்கே மாடியில் பாட்டு ஆரம்பித்தது. தட்டு, விசில், தும்மல். பிறகு காலிப் பக்கம் சுற்றத் தொடங்கியது.

எங்கோ ஒரு ஹாரன் கேட்டது. "அமுக்கு, அமுக்கு!" என்று குதித்தான் இளவழகன்.

"அது போர் போடற திருச்செங்கோட்டு ரிக் வண்டி. பேசாம இரு."

ஐந்து மணி ஆனது. அம்மா கொண்டுவந்த டீயில் ஆடை படிந்தது. ஐந்தரை. கோடு இறங்கியது, ஏறியது. நர்மதாவின் விரல் பொத்தானை விட்டு நகரவில்லை.

ஒரு நீளம். இரண்டு குட்டை.

அமுக்கினாள்! தட்டும் விசிலும் அம்மாவின் தும்மலும் பைபாஸையே அதிரவைத்தன. லாரி வேகம் குறைந்தது. ஜன்னலிலிருந்து ஒரு சிவப்புத் துண்டு வெளியே வந்து சுற்றோ சுற்றென்று சுற்றியது. அப்புறம் லாரி சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மறைந்தது.

பாட்டு கடைசித் தும்மலோடு முடிந்தது. நர்மதா அதற்குக் கீழே இன்னொரு காலிப் பக்கத்தைச் சேர்த்துச் சுற்றவிட்டாள்.

"பாட்டுதான் முடிஞ்சுருச்சே, நிறுத்து சாமி" என்றாள் அம்மா.

"முடியலீங்கம்மா. அப்பா இன்னும் ஊட்டுக்கு வரலையே."

அம்மா கீழே போய் சார்ஜரை எடுத்துவந்து லேப்டாப்பில் செருகினாள்.