கை கழுவும் ஒரு நிமிடம்

"பயமா இருக்கு மச்சான்... எந்த நேரம் என்ன பண்ணிக்குவாளோ!"

பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம், அவளுடைய தம்பியிடம் போனில் அழுதுகொண்டிருந்தார் கணவர்.

உள்ளே அவள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். சாக வேண்டும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை!

ஜன்னலில் கம்பி. அவள் செல்போன் அவர் பையில். வீடு அவள் பெயரில்... அதுதான் வினை. தம்பியிடம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாள். அத்தானையா சந்தேகப்படறே என்று அவளுக்கே புத்தி சொன்னான்.

சாவி திரும்பியது.

மருந்துக்கடைக்காரரான கணவர் இரண்டு கப் காபியோடு வந்து, கதவை உள்பக்கமாகப் பூட்டினார். கப்புகளை மேஜையில் வைத்தார். நேராகக் குளியலறைக்குப் போனார். மாத்திரையைத் தொட்டால் சோப்புப் போட்டு ஒரு நிமிடம் கை கழுவ வேண்டும். இருபது வருடக் கடைப் பழக்கம்!

மூன்று வாரமாக அவள் கப்பில் தினம் ஒரு மாத்திரை. மன அழுத்தத்துக்கான பழைய ரகம். நரம்புகள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ரசாயனத்தை வெளியிலேயே நிறுத்தி வைக்கும். அளவோடு இருந்தால் மனசு தேறும். அளவு மீறினால் இதயமே தாளம் தப்பும்... முன்னாள் நர்ஸான அவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அவர் வந்தார். தன் காபியை ஒரே மூச்சில் குடித்தார். அவளே எழுதியதுபோல் டைப் அடித்த ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுட்டு காபியைக் குடி."

"படிச்சுக் காட்டுங்க."

கடிதத்தைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். போன வாரம் வாங்கிய கண்ணாடியைத் துடைத்தார்.

"எழுத்து மங்குதா?"

"வயசாகுதில்ல."

"நாக்கு ஒட்டுதா? மலச்சிக்கலா? அது வயசு இல்லைங்க. நீங்க கை கழுவுற நேரத்துல கப்பை மாத்தி வச்சேன். மூணு வாரமா."

காலி கப்பைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"இன்னைக்கு எத்தனை போட்டீங்க?"

"முழு... அட்டை."

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். பொண்டாட்டிக்குக் கலந்ததைத் தானே குடித்துவிட்டதாக, மாத்திரை பெயரோடு, முகவரியோடு கதறினார். மறுமுனையில் எல்லாம் பதிவானது!

கதவைத் திறந்துவிட்டு, அப்படியே தரையில் சரிந்தார்.

அவள் தன் கப்பைத் தட்டு போட்டு மூடினாள். ஒரு சொட்டுக் குறையவில்லை.

"இன்னைக்கு மட்டும் மாத்தலை. இது போலீசுக்கு."

"அப்போ... நெஞ்சு படபடக்குதே?"

"அது பயம்." வாசலில் நின்று திரும்பினாள். "இந்த மருந்துல பக்கவிளைவு முதல் வாரமே தெரிஞ்சிடும். உங்களைக் கட்டிக்கிட்டதுலதான்... தெரிய இருபது வருஷம் ஆயிடுச்சு!"