குதிரை போன வழி

காலை எட்டேகாலுக்குப் பல் டாக்டர் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையைத் திறந்தார். எட்டரைக்கு வீடே அமர்க்களப்பட்டது. ஒன்பது அடிப்பதற்குள் டாக்டரின் மனைவி தன் நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள்.

"குதிரையைக் காணோம். நீ உடனே கிளம்பி வா."

நாத்தனாருக்குக் குடும்பத்தில் நோண்டி என்று பேர். சின்ன வயசில் ரேடியோ, கடிகாரம், அடுத்தவர் ரகசியம் என்று எதையும் விட்டுவைக்காமல் நோண்டியதால் வந்த பேர். இப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோச்சு, திருட்டுப்போச்சு என்று வருகிறவர்கள் சொல்லும் கதையை நோண்டிப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறாள். திட்டு வாங்கின அதே குணத்துக்குச் சம்பளமும் வாங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

குதிரை என்றால் புல் தின்னும் குதிரை இல்லை. பழைய காலத்துக் காரின் மூக்கு நுனியில் பாய்கிற மாதிரி ஒரு சின்ன உருவம் நிற்குமே, அது. உள்ளங்கையில் அடங்கும். ஒரு வக்கீலுடைய காரில் இருந்தது. மேலே பூசிய குரோம் முலாம் அங்கங்கே பொத்துப்போய்ப் பார்க்கச் சகிக்காமல் இருந்ததால், பழைய முலாமை உரித்துப் புதுசு பூசித் தருவதாக நோண்டியின் அண்ணனான டாக்டர்தான் வாங்கி வைத்திருந்தான். பகலில் பல் பிடுங்குவது அவன் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் பழைய பூட்டு, விளக்கு, தராசு என்று எதையாவது பிடித்து வைத்துத் தேய்ப்பது அவன் பைத்தியம். அவன் கை பட்டால் செத்த சாமானும் எழுந்து உட்காரும் என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் அவனுக்கு முகம் பூரித்துவிடும்.

அண்ணி வாசலிலேயே நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"என் தம்பியைத்தான் சந்தேகப்படறாங்க."

"யாரு? அண்ணனா?"

"உங்க அண்ணன் வாயே திறக்கலை. வக்கீல்தான் போன்லே குதிச்சார். சாவி யார் கைக்குப் போச்சுன்னு கேட்டார். நேத்து சாயங்காலம் தம்பி வாங்கினான்னு நான் வெகுளியா சொல்லித் தொலைச்சேன். நாலு மணிக்கு வர்றாராம். குதிரை இல்லைன்னா நேரா போலீஸ் ஸ்டேஷனாம்."

அண்ணியின் தம்பி ஒரு காலத்தில் அப்பாவின் பைக்கைக் கேட்காமல் விற்றவன். அந்தக் கெட்ட பேர் இன்னும் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை இல்லாமல் இந்த வீட்டில் வந்து தங்கி, அலையாய் அலைந்து, இப்போதுதான் விமான நிலையத்தில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். பேரில் எந்தப் புகாரும் இல்லை என்று போலீஸ் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். நாலு மணிக்கு வக்கீல் புகார் கொடுத்தால் அந்த வேலை போனது போனதுதான்.

தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

"வாங்க மேடம். விலங்கு கொண்டு வந்தீங்களா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

"சாவி எதுக்கு வாங்கினே?"

"பைக் செயின் லூசா இருந்துச்சு. ஸ்பேனர் எடுக்கப் போனேன். எடுத்துட்டுப் பூட்டி, சாவியை அக்கா எதிர்லேயே மாமா கையிலே கொடுத்தேன்."

"குதிரையைப் பார்த்தியா?"

"மேஜை மேலே நின்னுச்சு. எனக்கு அதுகிட்ட என்ன வேலை?"

"ஸ்பேனரைத் திருப்பி வச்சியா?"

"இல்லை. மழை கொட்டுச்சு. பைக் பெட்டியிலேயே போட்டுட்டு மாடிக்குப் போயிட்டேன்."

பட்டறைக்குள் அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பேயறைந்த முகம். தொண்டை வேறு கட்டியிருந்தது.

"சளியா?"

"மழை" என்று இருமினான்.

நோண்டி சுற்றிப் பார்த்தாள். ஒரே கதவு. பூட்டில் ஒரு கீறல் இல்லை. ஜன்னலில் பூனை நுழையக்கூட இடமில்லாத கம்பி. அலமாரியில் பித்தளைத் தராசு, வெள்ளிப் பிடி போட்ட பூதக்கண்ணாடி, பழைய கேமரா எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. இத்தனையையும் விட்டுவிட்டு, பொத்தல் விழுந்த ஒரு குதிரையை மட்டும் எந்தத் திருடன் எடுப்பான்?

"கடைசியா எப்ப பார்த்தே?"

"சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் வேலை பார்த்தேன். பூட்டும்போது மேஜை மேலே இருந்தது."

"அப்புறம் சாவி?"

"இடுப்பிலே. தூங்கும்போதுகூட கழட்டலை."

"அப்ப யாரும் எடுத்திருக்கவே முடியாது."

"அதான் எனக்கும் புரியலை" என்றான் அண்ணன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நோண்டியும் தரையைப் பார்த்தாள். மூலைக் குழாயடியில் சிமெண்ட் ஈரமாக இருந்தது. ஈரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

"கழுவினியா?"

"மழைத் தண்ணி உள்ளே வந்துடுச்சு. காலையிலே கழுவிவிட்டேன்."

"திருட்டுப்போன ரூமை யாராவது கழுவுவாங்களா, அண்ணா?"

"கையும் ஓடலை, காலும் ஓடலை. என்ன செய்யறேன்னே தெரியாம கழுவிட்டேன். அதுக்கும் என்னை விசாரிப்பியா?"

அவளுக்குப் பாவமாகிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கேதான் அண்ணனின் உயிர் தொங்கும்: சுத்தியல், குறடு, அரம், சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாக ஸ்பேனர்கள். வாரம் தவறாமல் எண்ணெய்த் துணியால் துடைப்பான். வேறு யாராவது கை வைத்தால் வள்ளென்று விழுவான். அந்தச் சுவர் முழுக்க இன்றைக்குப் புதுத் துரு மஞ்சள் தூவினாற்போல் படிந்திருந்தது. வரிசை நடுவே ஒரு கொக்கி மட்டும் காலி. தம்பி எடுத்த ஸ்பேனருக்கு உரியது.

"ஐயையோ, இது என்ன கோலம்?"

"சொன்னேனே, மழை. ரெண்டு நாளா ஈரக் காத்து."

மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இருந்த அரங்கள் கண்ணாடியாக மின்னின. மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். மண்டை காய்ந்தது.

சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்தாள். அங்கே அண்ணி டப்பா டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடறீங்க?"

"அடைச்ச குழாயிலே போடலாம்னு பார்த்தா, சமையல் சோடா டப்பாவையும் காணோம். முழு டப்பா! இந்த வீட்டிலே இன்னைக்கு என்னதான் நடக்குது?"

குதிரையையும் சோடாவையும் சேர்த்துத் திருடுகிற திருடன்! நோண்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வக்கீலே ஆள் வைத்து எடுத்திருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் ஓடியது. அதற்கும் அந்தப் பூட்டு குறுக்கே நின்றது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. உண்மையில் அவளைக் குழப்பியது பூட்டு இல்லை. மச்சான் பேர் அடிபடும்போது அண்ணன் ஒரு வார்த்தைகூட அவனுக்காகப் பேசவில்லையே, அதுதான். இது அவளுக்குத் தெரிந்த அண்ணனே இல்லை.

வெளியே வந்து தம்பியிடம் கையை நீட்டினாள். "அந்த ஸ்பேனரைக் கொடு."

அவன் பைக் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். நோண்டி அதை வெயிலில் புரட்டிப் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை பார்த்தாள். பிறகு பட்டறைக்குப் பின்பக்கம் போய், குழாயடித் தண்ணீர் வெளியே விழும் வாய்க்காலில் குந்தினாள். வாய்க்கால் ஓரப் புல் ஒரு கோடாகக் கருகியிருந்தது. அடைப்பு வராமல் இருக்கப் போட்டிருந்த கம்பிவலையில் கையை விட்டு நோண்டினாள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய, பளபளக்கும் தகட்டுத் துணுக்குகள் வந்தன. அடியில் சின்னதாக ஒரு போல்ட்டும் வந்தது.

நாலு மணிக்கு வக்கீல் நேரே பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"குதிரை எங்கே, டாக்டர்?"

நோண்டி அந்தத் துணுக்குகளும் போல்ட்டும் இருந்த ஒரு தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் பார்த்திருக்கீங்களா சார்?"

வக்கீல் போல்ட்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது குதிரையோட அடிப்பாகத்திலே இருந்த பித்தளை போல்ட்டு. கார்லே இதை வச்சுத்தான் முடுக்குவோம். எங்கே இருந்தது?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி... அண்ணா, நீ ஏதாவது சொல்லணுமா?"

அண்ணன் நிமிரவில்லை. அவன் இருமினான், அவ்வளவுதான்.

"சரி, நானே சொல்றேன். குதிரையை யாரும் திருடலை. குதிரை இந்த ரூமை விட்டுக் கதவு வழியாப் போகவே இல்லை. வாய்க்கால் வழியாப் போச்சு, தண்ணியா."

"என்னம்மா உளர்றே?" என்றார் வக்கீல்.

"இந்த ரெண்டையும் பாருங்க." தம்பி எடுத்த ஸ்பேனரையும் அதற்கு அடுத்த கொக்கியில் தொங்கினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று பளபளத்தது. இன்னொன்று துருவேறிக் கிடந்தது. "ரெண்டும் ஒரே செட். நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சுவத்திலே ஒண்ணா தொங்கினது. மழையாலே துரு பிடிச்சிருந்தா, வெளியே பைக் பெட்டியிலே கிடந்ததுதான் முதல்லே பிடிச்சிருக்கணும். அது சுத்தமா இருக்கு. ரூமுக்குள்ளே பூட்டி வச்சதெல்லாம் ஒரே ராத்திரியிலே துருவேறியிருக்கு. மூடின இழுப்பறைக்குள்ளே இருந்ததுக்கு ஒண்ணும் ஆகலை. அப்ப ராத்திரி இந்த ரூம் காத்திலே ஏதோ இருந்திருக்கு."

"என்ன இருந்தது?"

"ஆசிட் புகை. முன்னே ஒரு இரும்புக் கடைக்காரர் கிளெய்ம் போட்டார். பக்கத்துக் கடையிலே ஆசிட் கேனைத் திறந்து வச்சுட்டாங்க. இவர் கடைச் சரக்கெல்லாம் விடியறதுக்குள்ளே துரு. அதேதான் இங்கேயும். குரோம் உரிக்க அண்ணன் ஆசிட்லே முக்குவான். எப்பவும் வெளியே வச்சு, மூடி போட்டுத்தான் செய்வான். நேத்து மழை. அதனாலே வாளியை உள்ளேயே வச்சுட்டான்."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"குதிரையோட அடியிலே மஞ்சளா போல்ட்டு. முலாம் உரிஞ்ச இடத்திலே சுரண்டினா உள்ளே செம்பு நிறம். சரி, உடம்பு முழுக்கப் பித்தளைதான், ஆசிட் ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பிட்டான். ஆனா இப்படிக் கரைஞ்சிருக்குன்னா அது துத்தநாக வார்ப்பு. முலாம் ஒட்டறதுக்காக மேலே மெல்லிசா செம்பு பூசியிருந்தாங்க. ஆசிட் பொத்தல் வழியா உள்ளே போய்க் குதிரையைத் தின்னுடுச்சு. மேல்தோலும் போல்ட்டும்தான் மிச்சம். விடியக்காலையிலே வந்து பார்த்தவன் வாளியை வாய்க்கால்லே கொட்டி, ஆசிட் முறியறதுக்கு அண்ணியோட சோடாவைத் தூவித் தரையைக் கழுவிட்டான். சாவி ராத்திரி பூரா இடுப்பிலேயே இருந்ததுன்னு அவனே சொன்னான். அண்ணா, நீதானே?"

அண்ணன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"பித்தளைன்னுதான் நினைச்சேன்" என்றான் கைக்குள்ளிருந்து. "சத்தியமா பித்தளைன்னுதான். இத்தனை வருஷமா கை வச்ச எனக்கு இதுகூடத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? வெளியே சொன்னா மானம் போயிடுமே. காணோம்னு மட்டும்தான் சொன்னேன். அவன் பேரை நான் சொல்லவே இல்லையே."

"சொல்லலை" என்றாள் நோண்டி. "மத்தவங்க சொன்னப்ப நீ சும்மா இருந்தே. பொழுது பூரா சும்மாவே இருந்தே."

வக்கீல் அந்தச் சருகுகளை விரலால் தள்ளிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்த வேகத்தில் மீசையெல்லாம் ஆடியது. ஆனால் திட்ட ஆரம்பிக்கும் முன் ஒரு காரியம் செய்தார். படியில் நின்ற தம்பியிடம் போய், "மன்னிச்சுக்கோப்பா. அவசரப்பட்டு உன்னைச் சொல்லிட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான் டாக்டரைத் திட்டினார். நன்றாகவே திட்டினார்.

அவர் போன பிறகு டாக்டர் எழுந்து மச்சானிடம் வந்தார். கும்பிடப் போன கைகள் பாதியில் நின்றுவிட்டன.

"என்னை நாலு வார்த்தை திட்டிடுடா."

தம்பி பளபளக்கும் அந்த ஸ்பேனரை எடுத்து, காலியாக இருந்த கொக்கியில் மாட்டினான். துருப்பிடித்த வரிசைக்கு நடுவில் அது தனியாக மின்னியது.

"குதிரையைத் தெரியாமப் போட்டீங்க மாமா" என்றான். "என்னைத் தெரிஞ்சேதானே அந்த வாளியிலே போட்டீங்க?"

அண்ணி வந்து தம்பியின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில், புருஷனைப் பார்க்காமலே, இன்றைக்குச் சாப்பாடு இரண்டு பேருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நோண்டி செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் எண்ணெய்த் துணியை எடுத்துச் சுவரில் தொங்கிய முதல் சுத்தியலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே தேய்த்தான். துரு அவ்வளவு லேசில் போகவில்லை.