வெளுத்த படிகம்

காலை 8.10. ஜப்பானின் சென்டாய் நகரில் விடியலிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆய்வுமாணவி நாகாசே அலமாரியைத் திறந்து, குப்பியைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளை உரித்தாள். நேற்று மாலை ஊதாவாக இருந்த படிகத்தூள் பிணத்தின் முகம்போல வெளுத்துக் கிடந்தது.

அலமாரிமேல் சக ஆய்வுமாணவன் தாமாகியின் புகைப்படம். இரும்பு உப்பையும் கரிம மூலக்கூறுகளையும் இணைத்து இந்தப் படிகத்தை வளர்த்தவன் அவன்; இலையுதிர்காலத்தில் இறந்துபோனான். ஊதாவில் இதன் காந்தம் உறங்கும், வெண்மையில் விழிக்கும். அதை அளந்து முடித்தால்தான் நாகாசேக்குப் பட்டம்.

8.25. பேராசிரியர் நுகாதா அலமாரியின் வெப்பப் பதிவைப் பார்த்தார்.

"ராத்திரி முழுக்கப் பதினெட்டு டிகிரி. முப்பத்தொண்ணைத் தாண்டினாத்தானே இது வெளுக்கும்? அப்போ இது அந்தப் படிகமே இல்ல. மாத்தி வச்சிருக்கே."

"நான் தொடவே இல்ல, சென்செய்!"

"அலமாரிச் சாவி ரெண்டுதான். ஒண்ணு இக்கேகாயாகிட்ட, ஒண்ணு உன்கிட்ட. இன்னைக்கே மேஜையைக் காலி பண்ணு."

அவள் விரல்கள் நீலம் பாரித்து நடுங்கின. துணைப் பேராசிரியர் இக்கேகாயா கோட்டுப் பையிலிருந்து, குளிருக்குக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "பிடிச்சுக்க. விறைச்சுப் போயிட்ட."

8.40. காந்த அளவைக் கருவியைப் பராமரிக்கும் குராமோச்சி குப்பியை எடை போட்டார்.

"இருபது மில்லிகிராம் குறையுது. நாகாசே, எதுல வந்தே?"

"சைக்கிள்ல."

"நீயா சூட்டுப் பொட்டலம் எதுவும் கொண்டுவரலையா?"

"கொண்டுவந்திருந்தா அப்படியா நடுங்கியிருப்பேன்?"

"இக்கேகாயா-சான், நீங்க?"

"ரயில்ல. அந்தக் குப்பியைப் பார்த்தே ஒரு வாரமாச்சு."

குராமோச்சி ஜன்னலைத் திறந்து, விளிம்பில் சேர்ந்திருந்த பனியில் குப்பியைச் செருகினார்.

"அதுக்கு ஜலதோஷம் பிடிக்கட்டும்னா?" நுகாதா முறைத்தார்.

குப்பியின் அடியிலிருந்து ஊதா மெல்ல ஏறியது, இறந்தவன் முகத்தில் ரத்தம் திரும்புவதுபோல. நாகாசே தன்னையறியாமல் புகைப்படத்தைப் பார்த்தாள்.

"அதே படிகம்தான், சென்செய்," என்றார் குராமோச்சி. "ஒருதடவை வெளுத்துட்டா, பதினஞ்சு டிகிரிக்குக் கீழ இறங்குற வரைக்கும் பட்ட சூட்டை மறக்காது, வெளுப்பாவே இருக்கும். நீங்க அலமாரியோட சூட்டைப் பார்த்தீங்க. குப்பி ராத்திரி அங்கதான் இருந்துச்சுன்னு யார் சொன்னா?"

"வெளிய கொண்டுபோனாங்களா?"

"போயி, காலையில திரும்பியிருக்கு. வெளிய மைனஸ் நாலு. சாதாரணப் பையில வந்திருந்தா ஊதாவாவே வந்து சேர்ந்திருக்கும். சூடான பையில வந்திருக்கு. தாள் சுத்தியிருந்ததால கொண்டுவந்தவருக்கே நிறம் தெரியல."

எல்லோரும் நாகாசேயின் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்கள். அவள் அதை மேஜைமேல் போட்டாள்.

"ஒரு கம்பெனிக்காரன் இந்தப் படிகத்துல துளிதான் கேட்டான்," என்றார் இக்கேகாயா, தரையைப் பார்த்தபடி.

நுகாதா நாகாசேக்கு முன்னால் தலை தாழ்த்தி வெகுநேரம் நின்றார்.

"நான் மேஜையைக் காலி பண்ணணுமா, சென்செய்?"

"பண்ணணும். இக்கேகாயாவோட மேஜையை."