முகம் கழுவிய ராணி

வேல்விழி தன்னை நாணய நிபுணர் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொள்வாள். நிபுணரிடம் இருந்தவை மொத்தம் இரண்டே நாணயங்கள். அந்த இரண்டும் ஒரே மாதிரி!

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் இசக்கி மாமா கொடுத்தவை அவை. ட்ரிஸ்டன் ட குன்யா என்று கடல் நடுவே ஒரு குட்டித் தீவு. பெயரைச் சொல்லிப் பழகவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது. அந்தத் தீவையும் ஆண்ட ராணி பட்டத்துக்கு வந்து அறுபது ஆண்டு ஆனதைக் கொண்டாட அங்கே வெளியிட்ட நாணயம். முன்பக்கம் ராணியின் முகம், பின்பக்கம் கப்பல்.

"விளிம்பைப் பிடிச்சுத்தான் தூக்கணும். கழுவவே கூடாது. கழுவினா மவுசு போயிரும்" என்று மாமா சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. ஒரு நாணயத்தில் முகத்தையும் மற்றதில் கப்பலையும் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சுங்குவார்சத்திரம் கடைத்தெருவில் அட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

குழாயடியில் தம்பி அருள்பாண்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அம்மா விளக்குத் தேய்க்க வைத்திருந்த புளி, பொடி, தேங்காய் நார். அவன் கையில் ராணி!

"யக்கா, பாரேன்! ராணியம்மா எப்படி மின்னுதாங்க!"

மின்னத்தான் செய்தார். மூக்கின் மேல் மூன்று கீறல். கன்னம் பூரா நாரின் தடம்.

"ஏலே!" என்று கையை ஓங்கிவிட்டாள் வேல்விழி.

அருள்பாண்டி மிரண்டு போனான். "நாளைக்கு ராணி பள்ளிக்கூடம் போறாங்கல்லா? மூஞ்சி கழுவாமப் போனா டீச்சர் ஏச மாட்டாங்களா?"

தேய்த்துத் தேய்த்து அவன் விரல்கள் சிவந்திருந்தன. ஓங்கிய கை தானாக இறங்கியது. கழுவக் கூடாது என்று வகுப்பில் நாற்பது பேருக்குப் பாடம் எடுத்தவள், இவனிடம் மட்டும் சொல்லவே இல்லையே!

"சரி, அழாத. இன்னொரு ராணியையாவது விட்டு வச்சியா?"

"அவங்க முறை வாரதுக்குள்ள புளி தீர்ந்து போச்சு."

நல்லவேளை! வேல்விழி சற்று யோசித்தாள். பிறகு கழுவிய நாணயத்தின் கப்பல் பக்கத்தில் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். கப்பல் தாளுக்கு வந்தது. ஏற்கெனவே தேய்த்த காசுதானே, இன்னும் கொஞ்சம் தேய்த்தால் என்ன?

"அட்டையில உன் பேரைப் போடட்டுமால?"

"என் பேரா? பெரிசாப் போடு!"

மறுநாள் அவள் மேசையைச் சுற்றித்தான் கூட்டம். கப்பல் படத்துக்குக் கீழே இரண்டு நாணயங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. 'முகம் கழுவாத ராணி. முகம் கழுவிய ராணி. கழுவியவர்: அருள்பாண்டி, ஒன்றாம் வகுப்பு. நீங்கள் கழுவாதீர்கள்!'

"இன்னாடி இது, மூக்குல இத்தினி கீறல் கீது!" என்று குனிந்தாள் வகுப்புத் தோழி ஐஸ்வர்யா. "ஐயோ, எங்க வூட்டுப் பழைய காசுக்கு நாளைக்கு சோப்பு போடலாம்னு இருந்தேனே!"

"போடாதீங்க! விளிம்பைப் பிடிச்சுத் தூக்குங்க!" அருள்பாண்டி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். இப்போது பள்ளியில் இரண்டு நிபுணர்கள்.

வீடு திரும்பியதும் அம்மா குரல் கொடுத்தாள். "ஏலே, போய் மூஞ்சி கழுவு."

"கழுவினா மவுசு போயிரும்மா!"

வேல்விழி அவன் சட்டை விளிம்பைக் கவனமாகப் பிடித்து, குழாயடிக்கு இழுத்துப் போனாள்.