கொண்டல் வீசினால் நிற்கும் இஞ்சின்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மங்கையின் வீட்டுக் கதவை வல்லரசு தட்டியபோது, அவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் வேலையை விட்ட பிறகும் அக்கம்பக்கத்தாரின் வழக்குகள் அவரை விட்டபாடில்லை. ஆளுக்கொரு செல்போன் வந்திராத காலம் அது. எதுவானாலும் நேரில் வந்துதான் சொல்வார்கள். மங்கையின் கொழுந்தன் டில்லிபாபு துப்பறியும் நாவல் பைத்தியம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

வல்லரசு காசிமேட்டில் டீசல் இஞ்சின் மெக்கானிக். பிரச்சினை ஸ்டானிஸ்லாஸின் பாய்மரப் படகில்.

ஸ்டானிஸ்லாஸும் ராசையாவும் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்ற கையோடு, உடைக்கப்போன ஒரு கப்பலின் உயிர்காப்புப் படகை ஸ்டானிஸ்லாஸ் வாங்கினார். ராசையா அதற்குப் பாய்மரம் நட்டு, பாய் தைத்துக் கட்டினார். ஞாயிறு தவறாமல் இருவரும் எண்ணூர்ப் பக்கம் போய் வருவார்கள். காற்றுக்குக் காத்திருந்து சலித்த ஸ்டானிஸ்லாஸ், போன வருஷம் அதில் ஒற்றை சிலிண்டர் டீசல் இஞ்சின் ஒன்றை வைத்தார். பொருத்திக் கொடுத்தது வல்லரசு.

பல மாதம் நன்றாக ஓடிய இஞ்சின், இப்போது அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் தளர்ந்து நின்றுவிடுகிறது. வல்லரசு ஃபில்டரை மாற்றினான், டீசல் டாங்கியைக் கழுவினான், குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. பழைய பம்பைப் புதிது என்று தலையில் கட்டிவிட்டான் என ஸ்டானிஸ்லாஸ் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். மீனவர்கள் அவனிடம் இஞ்சின் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள்.

"கரையில கட்டி வெச்சு நாள் பூரா ஓட்டுனேன்க்கா, ஜம்முனு ஓடுது. கடலுக்குப் போனாத்தான் நின்னுடுது. இப்ப எல்லாரும் என்னிய திருடனாட்டம் பாக்குறாங்க," என்றான் வல்லரசு.

ஒவ்வொரு முறையும் நிற்கிறதா என்று மங்கை கேட்டார். இல்லை என்றான். கடலிலிருந்து கரைக்குக் கொண்டல் காற்று வீசுகிற நாளில்தான் நிற்கிறது. கரையிலிருந்து காற்று அடித்த இரண்டு ஞாயிறும் ஒழுங்காகப் போய் வந்தது. கொண்டலில் படகு ஆடி, டாங்கியின் அடியில் கிடக்கும் கசடு கலங்குகிறதோ என்பது அவன் சந்தேகம்.

"கலப்பட டீசல் அண்ணி," என்றான் டில்லிபாபு உடனே.

"கலப்பட டீசலுக்குக் காத்து எந்தப் பக்கம்னு தெரியாதுப்பா," என்று மங்கை செருப்பை மாட்டினார்.

படகுத்துறையில் ஸ்டானிஸ்லாஸ் கோபத்தோடுதான் பேசினார். கப்பல் வரும் பாதைக்குப் பக்கத்தில் இஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். நல்ல வேளையாக, முதல் தடவை நின்றதற்கு முந்தின வாரம்தான் ராசையா பாயைப் பிரித்துக் கிழிசல் தைத்து வைத்திருந்தானாம். இல்லையென்றால் இருவரும் நடுக்கடலில் மிதந்திருப்பார்கள். ராசையா படகில் பாய்மரத்தடியில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மங்கை டாங்கியின் பக்கத்தில் குந்தினார். கரையில் சோதிக்கும்போது முதலில் என்ன செய்வாய் என்று வல்லரசைக் கேட்டார். மூடியைத் திறந்து டீசலைப் பார்ப்பேன் என்றான். கடலில் யாராவது திறப்பார்களா? தேவையில்லை, பக்கத்துக் கண்ணாடிக் குழாயிலேயே அளவு தெரியும் என்றான்.

"டீசல் வெளிய போகுது. அந்த இடத்துக்கு எது உள்ள வரும்?"

வல்லரசு டாங்கியின் மேல் வளைந்திருந்த சின்னக் குழாயைக் காட்டினான். காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகும்; அது அடைத்தால் டீசல் இறங்காது.

மங்கை தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து அந்தக் குழாய்க்குள் விட்டுச் சுரண்டினார். ஊசி முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. கிரீஸ் என்றான் டில்லிபாபு. மங்கை முகர்ந்து பார்த்தார். மூடியை இறுக்கி, குழாயை விரலால் அடைத்துக்கொண்டு, இஞ்சினைப் போடச் சொன்னார்.

தடதடவென்று ஓடியது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துச் சத்தம் தளர்ந்தது, இருமியது, நின்றது. வல்லரசு மூடியைத் திருகியதும் டாங்கி உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

"பம்பு மேலயும் தப்பில்ல, வல்லரசு மேலயும் தப்பில்ல," என்றார் மங்கை. "இது தேன்மெழுகு. பாய் தைக்கிறவங்க நூல்ல தடவுறது. இத வெச்சுக் குழாய அடைச்சுட்டு, கரைக்குத் திரும்புறதுக்குள்ள எடுத்துடுவாங்க, அதனாலதான் இவன் கண்ணுல படல. அடைச்சவரு ஆபத்து வர்ற நாள்ல அடைக்கல. பாய் விரிச்சா பத்திரமா கரை சேர்ற நாளாப் பாத்து அடைச்சிருக்காரு. வருஷம் பூரா சுருட்டிக் கிடந்த பாயை, இஞ்சின் நிக்கிறதுக்கு முந்தின வாரமே தைச்சும் வெச்சிருக்காரு."

எல்லோரும் ராசையாவைப் பார்த்தார்கள். அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

இழுவைப் படகின் இரைச்சலில் இருபத்தைந்து வருஷம் கத்திக் கத்தித்தான் இருவரும் பேசியிருந்தார்கள். பாய்மரத்தில் போன நாட்களில்தான் முதல் முறையாக மெல்லப் பேசினார்கள். துறைமுகத்தில் நிலக்கரி அள்ளிய கூட்டாளிகள், புயலில் அறுந்த வடம், கோயிலில் நடந்த அவரவர் கல்யாணம் என்று எதையெதையோ. மனைவி போன பிறகு ராசையாவுக்கு வாரத்தில் பேச்சென்று இருந்தது அது ஒன்றுதான். இஞ்சின் வந்ததும் அதுவும் போயிற்று.

"போறோம், வர்றோம், ஒரு வார்த்த இல்ல. இஞ்சின் நின்னாத்தான் நீ வாயத் தொறக்குற, ஸ்டானி," என்றார். இதில் வல்லரசின் பிழைப்பு கெடும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு யாரும் சொல்லாமலே மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு நடந்து, அங்கே நின்றவர்களிடம் தான் செய்ததைச் சொன்னார்.

ஸ்டானிஸ்லாஸுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு கப்பல் வந்திருந்தால் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனாலும் ராசையாவின் பின்னாலேயே போய், டீக்கடையில் எல்லோர் முன்னாலும் வல்லரசிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று சாயங்காலமே ஒருவர் தன் இஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வல்லரசிடம் வந்தார்.

ராசையாவோடு மட்டும் ஸ்டானிஸ்லாஸ் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவர் தனியாகத்தான் போவார் என்று டில்லிபாபு பந்தயம் கட்டினான். மங்கை அவனைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனபோது கொண்டல் இதமாக வீசிக்கொண்டிருந்தது. ராசையா கரையிலேயே தயங்கி நின்றார். படகிலிருந்த ஸ்டானிஸ்லாஸ் அவரைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற வல்லரசிடம் சொன்னார்:

"இஞ்சின நிறுத்துற கம்பி எதுன்னு இவனுக்குக் காட்டு நைனா. பேசணும்னா அத்த இழுக்கட்டும்."